கோத்தகிரிப் பக்கம் மூன்று பள்ளிகளை இணைத்தது: ரேடியோ, கரண்ட், மைக்

வேலை இதுதான். கோத்தகிரிப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. அங்கிருந்து நேர்கோட்டில் நான்கு கிலோமீட்டர் தள்ளி, எதிர்மலையில் ஒரு நடுநிலைப் பள்ளி. முகட்டுக்குப் பின்னால் கீழே இறங்கினால் வரும் ஹட்டியில் (படுகர் ஊர்) இன்னொரு நடுநிலைப் பள்ளியும் அதை ஒட்டி ஊர்ப்புற நூலகமும். மேல்நிலைப் பள்ளியில் கணக்குக்கும் அறிவியலுக்கும் அருமையான ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மற்ற இரண்டிலும் அந்தப் பாடங்களுக்கு ஆள் போதாது. நேர்கோட்டில் நான்கு கிலோமீட்டர்தான் என்றாலும் பஸ்ஸில் வளைவு வளைவாகச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பாடவேளை முடிந்துவிடும். வாரத்தில் சில வகுப்புகளை இங்கிருந்தே அங்கே நடத்தலாம், மாலையில் நூலகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டினார்கள், வடிவமைத்துப் பொருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. மலைப்பகுதியில் இதே மாதிரி செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

முதலில் எல்லாரும் சொன்ன புகார், "நெட் ரொம்ப ஸ்லோ சார்". மேல்நிலைப் பள்ளிக்கு ஃபைபர் லைன் வந்திருக்கிறது, 100 எம்பிபிஎஸ் திட்டம், ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 90க்கு மேல் காட்டுகிறது. பிறகு ஏன் வீடியோ உடைகிறது? ஒரு சின்ன செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் பிங்கை ஒரு லேப்டாப்பில் ஓட விட்டுவிட்டு, ஆபீஸில் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளம்) வேலை சூடு பிடிக்கும் நேரம் வரை காத்திருந்து பார்த்தேன். சும்மா கிடக்கும்போது 20 மில்லிசெகண்டில் திரும்பிய பிங், யாரோ ஃபோட்டோக்களை மேலேற்ற ஆரம்பித்ததும் 600, 700 என்று ஏறியது. லைனின் வேகம் குறையவில்லை, ரூட்டருக்குள் பாக்கெட்டுகள் வரிசை கட்டித் தேங்கி நிற்கின்றன, அவ்வளவுதான். பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது, 400ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டினால் டீச்சர் கேள்வி கேட்டு, பதில் வரவில்லையே என்று அடுத்த வரிக்குப் போகும் நேரத்தில் அங்கிருந்து பதில் வரும், இரண்டு குரலும் மோதும், பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஓபன்டபிள்யுஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருள் ஏறும் ஒரு ரூட்டரை வாங்கி, அதில் கேக் என்ற வரிசை மேலாண்மையை இயக்கி, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அளந்த வேகத்தில் 85 சதவீதத்தை வரம்பாக வைத்தேன். வரிசை இப்போது லைன்காரரின் பெட்டிக்குள் தேங்காமல் நம் கையில் இருக்கிறது, ரூட்டர் பெரிய ஃபைல்களைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டுக் குரலை முன்னால் விடுகிறது. அதே எமிஸ் வேலை நடக்கும்போது பிங் 40க்குள் நின்றது. கூடுதல் வேகத்துக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. பள்ளிகளுக்கு ஆலோசனை சொல்பவர்கள் எடுத்த எடுப்பில் பெரிய பிளானுக்கு மாறச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பணம் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும்.

உண்மையில் எவ்வளவுதான் வேண்டும்? 720 தரத்தில் ஒரு வீடியோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு எம்பிபிஎஸ், பாடப் பக்கத்தைப் பகிர அதற்கும் குறைவு, ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக்கில் நல்ல குரலுக்கு 40 கேபிபிஎஸ் போதும். ஒரு பள்ளிக்கு இரு திசையிலும் ஐந்து எம்பிபிஎஸ் ஆடாமல் அசையாமல் கிடைத்தால் வகுப்பு நடக்கும். ஆடாமல் கிடைக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

அடுத்து, வகுப்பு எந்த வழியாகப் போக வேண்டும் என்ற கேள்வி. மூன்று பள்ளியும் ஆளுக்கொரு இணைப்பு வாங்கி வெளியூர் சர்வர் ஒன்றில் சந்திக்கலாம், பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். நீலகிரியில் அக்டோபர், நவம்பர் வந்தால் நிலைமை வேறு. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். 2009 நவம்பர் நிலச்சரிவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், ஓரமாக மண் சரிந்தாலோ ரோட்டை அகலப்படுத்த மண்வெட்டி இயந்திரம் இறங்கினாலோ ஃபைபர் அறுந்துவிடும், சரியாக நாளாகும். அதனால் மேல்நிலைப் பள்ளியிலேயே ஒரு சின்ன கம்ப்யூட்டரில் ஜிட்சி என்ற வீடியோ வகுப்பு மென்பொருளின் சர்வரை நிறுவி, மற்ற இரண்டையும் கம்பியில்லா ரேடியோ லிங்க்கில் அதோடு இணைத்தேன். ஊருக்கு வெளியே போகும் லைன் செத்தாலும் மூன்று பள்ளிக்குள் வகுப்பு ஓடும். ஆசிரியரின் படம் சர்வருக்கு ஒரு முறைதான் ஏறுகிறது, யாருக்கு வேண்டுமோ அவர்களுக்குச் சர்வரே பிரித்து அனுப்பிக்கொள்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரி இல்லாமல் பிரவுசர் கேமராவையும் மைக்கையும் திறக்காது. வெளி இணைப்பு இல்லாதபோதும் அந்த முகவரிக்கான பாதுகாப்புச் சான்றிதழ் செல்ல வேண்டும் என்றால் ஒரு டொமைன் பெயர் எடுத்து, பெயரை ஐபி முகவரியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் வழியாக உறுதிசெய்யும் முறையில் 90 நாள் செல்லும் இலவசச் சான்றிதழ் வாங்கி, அந்தப் பெயருக்குப் பள்ளிக்குள் இருக்கும் ஐபியையே உள்ளூர் ரூட்டர் பதிலாகச் சொல்லும்படி வைக்க வேண்டும். கடிகாரமும் முக்கியம். பழைய கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்தப் பேட்டரியை மாற்றி, நேரத்தைப் பள்ளி சர்வரிடமே கேட்கும்படி வைத்தேன்.

மூத்த ஆசிரியர் ஒருவர் எடுசாட் காலத்தை நினைவுபடுத்தினார். 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே இஸ்ரோ ஏவிய செயற்கைக்கோள் அது. "டிஷ் வெச்சா மலை மறைக்காதே சார்?" என்று கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனால் 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்புவதற்கே ஒருவழிக்குக் கால் செகண்ட் ஆகிவிடும், கேள்வி கேட்டுப் பதில் வர அரை செகண்ட். உரை கேட்க அது போதும், கணக்கு வகுப்பில் கைகோத்துப் போக முடியாது.

சரி, ரேடியோ. 5.8 கிகாஹெர்ட்ஸ் பட்டை இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், 2018இல் இன்னும் விரிவாக்கினார்கள். நான்கு கிலோமீட்டருக்கு வெற்றுவெளி இழப்பு சுமார் 120 டெசிபல். இரண்டு பக்கமும் அலையைக் குவித்து 23 டெசிபல் கூட்டும் டிஷ், அனுப்பும் திறன் 13 டிபிஎம் (சிக்னல் திறனின் அளவு) என்று வைத்தால் மறுமுனையில் மைனஸ் 61 கிடைக்க வேண்டும், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்கச் சிக்னல் பலம். பொருத்தி முடித்தபோது மைனஸ் 62 வந்தது. இந்தக் கூட்டல் கழித்தலைத் தாளில் போட்டு வைத்துக்கொண்டுதான் ஏணியில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் டிஷ் சரியாகத் திரும்பியிருக்கிறதா, ஓரமாகக் கசியும் பலவீனமான பக்கவாட்டுக் கதிரில் மாட்டியிருக்கிறதா என்று தெரியவே தெரியாது. மைனஸ் 75 இருந்தாலே முழு வேகம் வரும் ரேடியோ, ஆக 13 டெசிபல் கையிருப்பு. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் மட்டும். 80 வைத்தால் பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய எண் வரும், ஆனால் சுற்றியுள்ள விடுதிகளின் ரேடியோ இரைச்சலும் சேர்ந்து உள்ளே வரும்.

எதிர்மலை கண்ணுக்குத் தெரிகிறது என்பது மட்டும் போதாது. நடுவழியில் அலை ஒரு குண்டு உருளை மாதிரி விரிந்து போகிறது. நான்கு கிலோமீட்டருக்கு நடுப்புள்ளியில் அதன் ஆரம் ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதில் 60 சதவீதமாவது, அதாவது நாலே கால் மீட்டராவது, தடையில்லாமல் இருக்க வேண்டும். கூகுள் எர்த்தில் உயர வெட்டுப்படம் போட்டால் மண் மட்டும்தான் தெரியும், தேயிலைத் தோட்டத்தின் சில்வர் ஓக் மரங்கள் தெரியாது. அதனால் வெயில் அடித்த ஒரு காலையில் எதிர்ப் பள்ளி மொட்டை மாடியில் ஒரு ஆசிரியரை முகம் பார்க்கும் கண்ணாடியோடு நிற்க வைத்து, ஒளி மின்னுவதை இங்கிருந்து பைனாகுலரில் பார்த்து, அந்தக் கோட்டின் கீழே எந்த மரங்கள் வருகின்றன என்று ஃபோட்டோவில் வட்டம் போட்டுக்கொண்டேன். மூன்று மரங்கள். தோட்டத்து மேஸ்திரியிடம் படத்தைக் காட்டியதும், "நிழலுக்கு எப்படியும் கிளை கழிப்போம், அந்த மூணையும் மொதல்ல கழிச்சுடறேன்" என்றார். மரம் வருடா வருடம் வளரும், அதனால் கம்பத்தை இன்று தேவையான உயரத்தைவிட இரண்டு மீட்டர் கூடுதலாகவே நட்டோம்.

மஞ்சு இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 5.8இல் மூடுபனி ஒன்றும் செய்யாது, கொட்டும் மழைகூட இந்தத் தூரத்துக்குச் சில டெசிபல்தான் எடுக்கும். மஞ்சு நாட்களில் லிங்க் விழுவதற்குக் காரணம் வேறு: நனைந்த இலைகள், கனெக்டருக்குள் இறங்கிய ஈரம், அன்றைக்கென்று படுத்துவிடும் கரண்ட். கேபிள் ரேடியோவுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளையம் தொங்க விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இந்த வளையம் இல்லாமல் பொருத்திய ரேடியோக்களைத் திறந்து பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும்.

முகட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹட்டிக்கு நேர்ப்பார்வை கிடையாது. முகட்டின் மேல் ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும். வனத்துறை எல்லைக்குள் அனுமதியில்லாமல் ஒரு குழாய்கூட நட முடியாது என்பதால் இந்தத் தொட்டி கிடைத்தது பெரிய உதவி, ஊராட்சியில் எழுத்து மூலமாகவே அனுமதி வாங்கினோம். சோலார் வைக்கலாமே என்று பலரும் சொன்னார்கள். நவம்பரில் நாட்கணக்கில் சூரியனைப் பார்க்காத இடத்தில் சோலாரை நம்பி வகுப்பு வைக்க முடியாது. பம்ப் அறையிலிருந்தே கரண்ட் எடுத்தோம். மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் 160க்கு இறங்குகிறது, அதனால் 90 முதல் 264 வரை தாங்கும் பவர் சப்ளை, அதற்குப் பின்னால் 12.8 வோல்ட் 40 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. இரண்டு ரேடியோவும் ஸ்விட்சும் சேர்ந்து 20 வாட், 512 வாட் மணி கையில் இருந்தால் ஒரு நாள் ஓடும். சாதாரண யுபிஎஸ்ஸில் டிசியை ஏசியாக்கி மறுபடியும் டிசியாக்கும் வீணடிப்பு இதில் இல்லை. பள்ளிகளிலும் ரூட்டருக்கும் ரேடியோவுக்கும் இதே ஏற்பாடுதான்.

தொட்டிக் கம்பத்தின் ஸ்டே கம்பிகளைக் காட்டெருமை உரசும். தேயிலைக்குள் அவை சுற்றாத நாளே கிடையாது, ஒரு பெரிய காளை முதுகு தேய்த்தால் கம்பமே திரும்பிவிடும், டிஷ்ஷும் சேர்ந்து திரும்பிச் சிக்னல் சரியும். கம்பி இறங்கும் இடத்தைச் சுற்றி நெஞ்சளவுக்குக் கல் அடுக்கிக் கட்டினோம். குரங்குகள் தொங்கும் கேபிளை ஊஞ்சலாக்கும் என்பதால் வெளியே தெரியும் இடமெல்லாம் ஜிஐ குழாய்க்குள் போயிற்று.

ஏப்ரல், மே மாத மதிய இடிமழைக்கு முன்னால் எர்த் முடிந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எர்த் மீட்டரில் ஐந்து ஓமுக்குக் கீழே வரும்வரை குழி, கரி, உப்பு. பள்ளியின் ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்குச் செம்புக் கேபிள் வேண்டவே வேண்டாம், நூறு மீட்டருக்குள் இருந்தாலும் வேண்டாம். இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் இடையே மின்னலின்போது வரும் வோல்டேஜ் வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாகத்தான் பாயும், இரண்டு பக்கத்து ஸ்விட்சும் சேர்ந்து போகும். ஃபைபர் போட்டால் அந்தக் கவலை இல்லை. பச்சை முனைக் கனெக்டரையும் நீல முனைக் கனெக்டரையும் சேர்த்துச் செருகாதீர்கள், முகத்தின் கோணம் வேறு, ஒளி திரும்பி வரும்.

இனி வகுப்பறை. மேலே சொன்னதெல்லாம் சேர்ந்தாலும் முக்கியத்துவத்தில் இதற்குப் பாதிதான் என்பேன். படம் நின்றாலும் வகுப்பு நடக்கும், குரல் தெளிவில்லாவிட்டால் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பிப்பார்கள்.

தெளிவை அளக்க ஒரு சோதனை செய்தோம், இதை எல்லாப் பள்ளியும் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இங்கிருந்து டீச்சர் சொல்வதெழுதுதல் நடத்துவார்: பல்லி, பள்ளி, புலி, புளி, மலை, மழை, மனம், மணம், அரம், அறம். சொல்லைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும், வாக்கியத்தில் வைத்தால் பிள்ளைகள் ஊகித்து எழுதிவிடுவார்கள். பக்கத்தில் நின்று அதே டீச்சர் சொன்னால் எத்தனை சரி, திரை வழியாக வந்தால் எத்தனை சரி என்று ஒப்பிட்டால் மைக்கின் தரம், அறையின் எதிரொலி, கோடெக், இணைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் கிடைத்துவிடும். லகர ளகர வேறுபாட்டைக் காட்டும் ஒலி பெரும்பாலும் 2000 முதல் 3500 ஹெர்ட்சுக்குள் கிடக்கிறது, இரைச்சல் முதலில் அதைத்தான் விழுங்கும். வீட்டில் படுகு மொழி பேசும் பிள்ளைகள் நிறையப் பேர், அவர்களுக்கு டீச்சரின் உச்சரிப்பு முழுதாகப் போய்ச் சேர வேண்டும்.

லேப்டாப் மைக்கில் மூன்றில் ஒரு பங்கு சொற்கள் குழம்பின. பேசுபவரிடமிருந்து மைக் இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால் குரல் ஆறு டெசிபல் குறையும், அறையின் இரைச்சல் குறையாது. கூரையில் பொருத்தும் விலை உயர்ந்த மைக்கைப் பரிந்துரைத்தார்கள், அந்தப் பணத்தில் நாலில் ஒரு பங்கில் டீச்சருக்குக் காலர் மைக்கும் பிள்ளைகள் கைமாற்றிக்கொள்ள ஒரு கை மைக்கும் வாங்கினோம். சொல்வதெழுதுதல் ஏறக்குறைய நேரில் நடத்திய அளவுக்கு வந்துவிட்டது. ஸ்பீக்கருக்கு ப்ளூடூத் வேண்டாம், அதன் தாமதம் கூடிக் குறைவதால் எதிரொலி நீக்கம் தடுமாறும். வயர் போட்ட ஸ்பீக்கர், முன்சுவரில், பிள்ளைகளை நோக்கி.

ஹட்டிப் பள்ளியில் திறன்மிகு வகுப்பறைக்கென்று ஒதுக்கியிருந்தது தகரக் கூரை போட்ட புது அறை. பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு சாதாரண மழைக்கே அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது கேட்காது. தலைமையாசிரியரிடம் அறையை மாற்றச் சொல்லிக் கேட்டேன். "அண்ணா, அது பழைய கட்டடம், பெயின்ட் கூட அடிக்கலையே" என்று தயங்கினார். ஓட்டுக் கூரைக்குக் கீழே மரப்பலகை அடித்த பழைய அறைதான் அங்கே இருப்பதிலேயே அமைதியானது. ஒரு கைதட்டு தட்டினால் ஒலி உடனே அடங்குகிறது. எதிர்மலைப் பள்ளியில் எல்லாமே கான்கிரீட், அங்கே பின்சுவர் முழுக்கத் துணி போர்த்திய மென்பலகையும் ஜன்னல்களுக்குக் கனமான திரையும் போட்ட பிறகுதான் கணீர் என்ற எதிரொலி போனது. திரை இன்னொரு விதத்திலும் தேவை. மஞ்சு நாளில் ஜன்னல் முழுக்க வெள்ளையாக இருக்கும், கேமரா அதற்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்து முகங்களைக் கறுப்பாக்கிவிடும்.

கணக்கு டீச்சர் ஒன்று சொன்னார். "எனக்கு அந்தப் பிள்ளைங்க முகம் தெரியணும் சார். புரியலைன்னா முகத்துலதான் தெரியும்." அதனால் இங்கே வகுப்பறையின் பின்சுவரில் ஒரு டிவி, அதன் விளிம்பிலேயே கண் உயரத்தில் கேமரா. தன் முன்னால் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும் அதே பார்வையில் மற்ற இரண்டு பள்ளியும் அவருக்குத் தெரிகின்றன, அங்கே இருப்பவர்களுக்கு டீச்சர் தங்களைப் பார்ப்பது போலவே இருக்கிறது. கரும்பலகையைக் கேமராவில் காட்டுவதை விட்டுவிட்டோம். மேசைமேல் கீழ்நோக்கிய கேமரா, அதன் அடியில் வெள்ளைத் தாள், தடித்த பேனா. எழுத்துக்கு நொடிக்கு ஐந்து ஃபிரேம் போதும், தெளிவு முழுசாக வேண்டும்.

குளிர்காலக் காலையில் நாற்பது பிள்ளைகள் ஒன்றாக அறைக்குள் வந்ததும் அவர்கள் மூச்சின் ஈரம் சில்லிட்ட லென்ஸில் படிந்து படம் வெளுத்துப் போகும். கேமராவை இரவிலும் அணைக்காமல் விட்டால் அதன் சொந்தச் சூட்டிலேயே லென்ஸ் ஈரம் பிடிக்காது, சில வாட்தான் செலவு.

ஆபீஸ், லேப், வீடியோ வகுப்பு, நூலகம் ஒவ்வொன்றும் தனி விலேன், அதாவது ஒரே கேபிளில் ஓடினாலும் ஒன்றோடொன்று கலக்காத தனி வலையமைப்பு. ரேக் கதவின் உள்பக்கம் தமிழில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும், எரியாவிட்டால் எந்த ஸ்விட்சை எவ்வளவு நேரம் அணைத்துப் போட வேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். பாஸ்வேர்டுகள் உறை ஒட்டித் தலைமையாசிரியரின் பீரோவில். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு ஆசிரியர் கேபிள் முனையை அடித்துச் சோதிக்கக் கற்றுக்கொண்டார், மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவிகள் இரண்டு பேர் டிஷ்ஷைத் திருப்பி மைனஸ் 62க்குக் கொண்டுவரும் அளவுக்குத் தேறிவிட்டார்கள்.

வடகிழக்கு மழையில் வெளி லைன் போனபோது வகுப்பு நிற்கவில்லை. எதிர்மலை லிங்க் மட்டும் நனைந்த நாட்களில் மைனஸ் 66 வரை இறங்குகிறது. வட்டம் போட்ட மரங்களுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒன்று மேலே வருகிறது, மேஸ்திரிக்குப் புதுப் படம் அனுப்பியாயிற்று. மே மாத இடிக்கு முன்னால் தொட்டியின் எர்த்தை மறுபடி அளக்க வேண்டும், மாற்று ரேடியோ ஒன்றை அமைப்புகள் ஏற்றிப் பீரோவில் வைக்க வேண்டும். ஹட்டியின் கீழே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தொட்டி நன்றாகத் தெரிகிறது, அங்கேயும் ஒரு டிஷ் வைத்து டாக்டர் இல்லாத நாட்களில் தொலைமருத்துவத்துக்கு இந்த லைனைக் கொடுக்கலாமா என்று ஊராட்சித் தலைவர் கேட்டிருக்கிறார். ஸ்விட்சில் ஒரு போர்ட் காலியாக இருக்கிறது, பேட்டரியை மட்டும் பெரிதாக்க வேண்டும்.